மகாங் கிளையில் ஒரு முடிச்சு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் அழகப்பனிடம் ரஞ்சிதம் பத்தொன்பது வருடமாக மாலை கட்டுகிறாள். வாயைப் பார்த்தால் எரிச்சல்காரி என்பீர்கள், கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. மல்லிகைக் காம்பு நசுங்காமல் நூலைச் சுற்றி ஒரே இழுப்பில் முடிச்சுப் போடுவாள். தேவையென்றால் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரியும் போடுவாள். மாப்பிள்ளை மாலையின் குஞ்சத்தைக் கடைசி நிமிடத்தில் மாற்றச் சொல்லி யாராவது ஒருவர் வந்து நிற்பார் என்பதால் பழகிக்கொண்ட வித்தை அது.

கல்யாணம் ஆகி மூன்று வருடத்தில் அந்தக் கல்யாணம் முடிந்துபோனது. பிள்ளை குட்டி இல்லை. ஈசூனில் மூவறை வீடு, காலையில் எம்ஆர்டி ரயில், நாள் முழுக்கப் பூ, மறுபடி எம்ஆர்டி. ஐம்பத்து மூன்று வயதுக்குள் இதைத் தவிர அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. திங்கட்கிழமை, அவளுடைய விடுமுறை நாளில், ரஞ்சிதம் பறவைகளைப் படம் எடுப்பாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஈசூன் குளத்தங்கரையில் நடந்து போகும்போது, குழாய் குழாயாக லென்ஸை வைத்துக்கொண்டு ஏழெட்டு அங்கிள்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். "அப்படி என்னதான் தெரியுது?" என்று கேட்டாள். ஒருவர் தள்ளி நின்று இடம் கொடுத்தார். உள்ளே ஒரு மீன்கொத்தி. அதன் கண்ணில் சூரியன் ஒரு பொட்டாக மின்னியது. மூக்கில் தண்ணீர் சொட்டியது. வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தாள், சாப்பிட மறந்துவிட்டாள்.

பிறகு முதுகுவலி வந்து படம் எடுப்பதை விட்ட யாரோ ஒருவரின் பழைய கேமராவும், அறுநூறு மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸும் அவள் கைக்கு வந்தன. லென்ஸ் மட்டும் இரண்டு கிலோ. அங்கிள்கள் முதலில் சிரித்தார்கள். ரஞ்சிதம் கண்டுகொள்ளவில்லை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைக்கவேண்டும், பறவையின் கண்மட்டத்துக்குத் தானும் குனியவேண்டும், ஃபோகஸ் கண்ணில் விழவேண்டும், பின்னணியில் குச்சியும் கம்பியும் வராத இடமாகப் பார்த்து உட்காரவேண்டும். இதெல்லாம் ஒரு வருடத்தில் வந்துவிட்டது. அவர்களுக்கு வராத ஒன்று அவளிடம் முதலிலிருந்தே இருந்தது. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பழகிய இடுப்பு அது. மூன்றாம் வருடத்தில், "ரஞ்சிதம் எங்கே உட்கார்றாங்களோ அங்கே போய் உட்காரு லா" என்று புதிதாக வருபவர்களிடம் அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவள் இருந்த பறவைக் குழுவை நடத்தியவன் வெங்கட். மதுரைக்காரன், கம்ப்யூட்டர் வேலை, பூன் லேயில் வாடகை வீடு, பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. குழுவில் பல சட்டம் இருந்தாலும் தலையான சட்டம் ஒன்றுதான்: கூடு இருக்கும் இடத்தில் ஓர் இலையைக்கூடத் தொடக்கூடாது. இலைதான் கூட்டுக்குக் கூரை. படம் தெளிவாக வரவேண்டும் என்று இலையை விலக்கினால் காக்கைக்குக் கூடு தெரியும், வெயிலும் மழையும் நேராக உள்ளே இறங்கும்.

இந்தச் சட்டத்தை மீறி மாட்டிக்கொண்டவர் கோவிந்தராசு. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பரம சாது. தேன்சிட்டுக் கூட்டுக்கு முன்னால் தொங்கிய இரண்டே இரண்டு இலைகளை நகவெட்டியால் கத்தரித்துவிட்டார். குழு கோப்பிக் கடையில் கூடி விசாரித்தபோது, மற்றவர்கள் தயங்கினார்கள். ரஞ்சிதம் தயங்கவில்லை.

"உங்க வீட்டுக் கூரையைப் பிச்சுப் போட்டுட்டு உங்க பேரப்பிள்ளையை நான் படம் எடுக்கவா அண்ணே? சும்மா இருப்பீங்களா?"

கோவிந்தராசு கோப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். அன்றைக்கே குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தத் தேன்சிட்டுக் குஞ்சுகள் நன்றாக வளர்ந்து பறந்தும் போயின. ஆனாலும் ரஞ்சிதம் அந்தக் கதையைப் பார்ப்பவர்களிடமெல்லாம் பல வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் குழுவுக்கு வந்த கவலை வேறு. பூன் லேயில் பழைய தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காடு இருந்தது. காடு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிட நடை. கைவிட்ட நிலத்தில் தானாக முளைத்த மரங்கள். அதை வெட்டிக் கட்டடம் கட்டத் தேதி குறித்தாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, மஞ்சள் தலைச் சின்னான் ஜோடி ஒன்று அங்கே கூடு கட்டியது.

மலாய்க்காரர்கள் பாராவ்-பாராவ் என்று சொல்லும் பறவை அது. குரல் அவ்வளவு இனிமை. அந்தக் குரலே அதற்கு எமன். சுற்றியிருக்கும் நாடுகளில் பிடித்துக் கூண்டில் அடைத்தே அதை ஏறக்குறையத் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதில் நல்ல பங்கு இந்தச் சின்னஞ்சிறு தீவில்தான் பாடிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட பறவை கூட்டில் குஞ்சோடு இருக்கிறது என்று அதிகாரிகள் வந்து கண்ணால் பார்த்துவிட்டால், வேலையைத் தள்ளிவைத்து அந்த இடத்தை மறுபடி ஆராய வேண்டியிருக்கும். வெங்கட் விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. ஆனால் அவர்கள் வருவதற்கே ஒரு தெளிவான படம் வேண்டும்.

ரஞ்சிதம் முதல் திங்கட்கிழமை போனபோது பறவை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் திங்கட்கிழமை குஞ்சு பொரித்திருந்தது. கூடு ஆளுயரத்துக்குச் சற்று மேலே, ஒரு புதரின் கவட்டில். அதற்கு மேலேயும் முன்னேயும் பக்கத்து மகாங் மரத்தின் கிளை ஒன்று, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இலைகளோடு கவிந்திருந்தது. பத்து மீட்டர் தள்ளி, ஆளை மறைக்கும் பச்சை வலையைப் போர்த்திக்கொண்டு, இலை இடுக்கு வழியாக அவள் எடுத்த படங்களில் பாதிக்குமேல் பச்சைப் புகை. ஆட்டோ ஃபோகஸ் ஓயாமல் இலையைப் போய்ப் பிடித்தது. கையால் ஃபோகஸ் செய்து பார்த்தாள், காற்று விடவில்லை. தேறியதில் நல்லதை வெங்கட் அனுப்பினான். 'பறவையின் இனம் உறுதியாகத் தெரியவில்லை, சாதாரணச் சின்னானாகவும் இருக்கலாம்' என்று பதில் வந்தது.

"அவங்க கண்ணுல கொள்ளிக்கட்டையை வைக்க!" என்றாள் ரஞ்சிதம்.

"திட்டி என்னக்கா பண்றது? அடுத்த திங்கள்தான் கடைசி சான்ஸ். அன்னிக்குள்ள நல்ல படம் கொடுத்தா வியாழக்கிழமை வருவாங்களாம். இல்லாட்டி ஃபைலை மூடிடுவாங்க" என்றான் வெங்கட்.

அந்த மூன்றாம் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கே அவள் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். குஞ்சுகள் இரண்டும் கண் திறந்திருந்தன. தாயும் தகப்பனும் மாறி மாறிப் பழம் கொண்டுவந்தன. எட்டரைக்கு வெயில் சாய்வாகக் கூட்டின் விளிம்பில் விழுந்தது. இப்படி ஒரு வெளிச்சத்துக்கு மனிதர்கள் வருடக்கணக்கில் தவம் கிடப்பார்கள். நடுவே அந்த மகாங் இலை, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் கடன்காரனைப் போல நின்றது.

ஒன்பது மணி வரை பொறுத்தாள். பிறகு வலையை விலக்கிக்கொண்டு எழுந்தாள்.

வெட்டவில்லை, ஒடிக்கவில்லை. கோவிந்தராசு செய்த மாதிரி எதையும் செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் பூக்கட்டும் நூலை மூன்று பிரியாக்கி, மகாங் கிளையைப் பதமாக வளைத்துப் பக்கத்துத் தண்டோடு சேர்த்துக் கட்டினாள். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. ஒரு மணி நேரம், சாய்ந்த வெயில், அதற்குள் அவிழ்த்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

திரும்பி வந்து உட்கார்ந்த கால் மணியில் தாய்ப்பறவை வந்தது. வைக்கோல் நிறத் தலையும் கறுப்பு மீசையும் துல்லியமாகத் தெரிய, கூட்டின் விளிம்பில் நின்று பழத்தை நீட்டியது. இரண்டு குஞ்சுகளும் வாயைப் பிளந்தன. சத்தமில்லாத ஷட்டரில் நாற்பது படம். பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்று பறவைகளின் கண்களிலும் வெளிச்சப் பொட்டு. இந்த ஆறு வருடத்தில் அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

அந்த நேரம் பார்த்து அழகப்பன் போன் செய்தார்.

"ரஞ்சி, எங்க இருக்க? கூடக் கட்டுற லீலா உடம்பு முடியலன்னு எம்சி எடுத்துட்டா. கல்யாண மாலை மூணு ஜோடி, நாலு மணிக்குக் கொடுக்கணும். நீ வரலன்னா நான் செத்தேன் லா."

"அண்ணே, இன்னிக்கு என் ஆஃப் டே."

"தெரியும்மா. தெரிஞ்சுதானே கெஞ்சுறேன். பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உட்கார்ந்திருக்காங்க."

பத்தொன்பது வருடத்தில் அவர் கெஞ்சியது அது இரண்டாவது முறை. வலையைச் சுருட்டினாள், முக்காலியை மடக்கினாள், லென்ஸைப் பையில் திணித்தாள். மனம் முழுக்க அந்தப் படம். பறவைகள் மிரளக்கூடாதே என்று குனிந்து, கூட்டின் பக்கமே திரும்பாமல், வந்த வழியே வெளியேறினாள். எம்ஆர்டியில் உட்கார்ந்ததும் படத்தைக் கேமராவிலிருந்து போனுக்கு மாற்றினாள். இடது ஓரத்தில் வெள்ளையாக நூல் தெரிந்ததால் அந்த ஓரத்தை மட்டும் நறுக்கிவிட்டு வெங்கட்டுக்கு அனுப்பினாள். நறுக்கும்போதுகூட, அந்த நூல் இன்னும் அங்கேயே கட்டியிருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது படத்தை.

பதினோரு மணிக்குக் கடையில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு வெங்கட் போன் செய்தான்.

"அக்கா! ஒத்துக்கிட்டாங்க! வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு வர்றாங்க. கூட்டையும் குஞ்சையும் கண்ணால பார்த்துட்டா வேலையை நிறுத்தி வைக்கிறோம்னு சொல்லிட்டாங்க. நீங்கதான்கா காப்பாத்துனீங்க!"

பக்கத்தில் நின்ற அழகப்பனுக்கே அந்தக் குரல் கேட்டது. "என்ன லா, நம்ம ரஞ்சி பெரிய ஆளாயிட்டா!" என்று பெண் வீட்டாரிடம் பெருமையடித்தார். ரஞ்சிதம் சிரித்துக்கொண்டே ரோஜாவைத் தொடுத்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு நூல் தீர்ந்தது. கைப்பையிலிருந்த நூல்கண்டை எடுத்தாள். அதைத் தொட்டதும்தான் ஞாபகம் வந்தது.

எட்டிப் பார்த்தாள். வெளியே வெயில் தெருவைப் பொரித்துக்கொண்டிருந்தது.

இங்கேயிருந்து பூன் லேக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். வெங்கட் வீட்டிலிருந்து காட்டுக்குப் பத்து நிமிடம். ஒரு போன் போதும். "அந்த மகாங் கிளையில ஒரு நூல் இருக்கும், ஓடிப் போய் இழுத்து விடு" என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள், கோப்பிக் கடையில் கோவிந்தராசுவைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட ரஞ்சிதம். சொல்லவேண்டிய ஆளோ, முக்கால் மணி நேரத்துக்கு முன்புதான் 'நீங்கதான் காப்பாத்துனீங்க' என்றவன்.

'வெங்கட், ஒரு உதவி' என்று தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். அழகப்பன் எட்டிப் பார்த்து, "மணி ஆகுதும்மா" என்றார். மேகம் வரும் என்று சொல்லிக்கொண்டாள். தாய்ப்பறவை சிறகை விரித்து நிழல் கொடுக்கும் என்றும் சொல்லிக்கொண்டாள். பூன் லே பக்கம் மத்தியானம் எப்போதும் மழைதானே? இந்த ஊர் வானத்தை நம்பி யாரும் துணிகூடக் காயப்போடுவதில்லை, அவள் இரண்டு உயிரைப் போட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரோஜாவை எடுத்தாள்.

மாலைகள் நான்கு மணிக்குப் போயின. பெண்ணின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ரஞ்சிதம் காட்டுக்குள் நுழைந்தபோது ஐந்தே முக்கால்.

கிளை அவள் கட்டிய இடத்திலேயே வளைந்து நின்றது. நூல் சற்றும் தளரவில்லை. கூட்டில் இரண்டு குஞ்சுகளும் கழுத்தை விளிம்புக்கு வெளியே தொங்கப்போட்டுக் கிடந்தன. எறும்பு வந்துவிட்டது. காக்கை தொடவில்லை, பாம்பு தொடவில்லை, வெயில்தான். முடிச்சை ஒரே இழுப்பு இழுத்தாள். மகாங் கிளை எழும்பித் தன் இடத்துக்குப் போய், இலைகளைக் கூட்டின்மேல் ஒழுங்காகக் கவித்துக்கொண்டது. நிழல் விழுந்தது.

தாய்ப்பறவை வாயில் பழத்தோடு வந்து விளிம்பில் உட்கார்ந்தது. ஒரு குஞ்சின் தலைக்கு மேலே பழத்தை நீட்டியது. கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே இருந்தது. பிறகு பழத்தைத் தானே விழுங்கிவிட்டு, ஒருமுறை குரல் கொடுத்தது. ரஞ்சிதம் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

வியாழக்கிழமை கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளும் போனாள். அதிகாரிகள் இருவர் வந்தார்கள், மரியாதையானவர்கள். எறும்புகள் மூன்று நாளில் வேலையை முடித்திருந்தன. கூடு காலி, பறவைகளையும் காணவில்லை. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, 'கூடு உள்ளது, தற்போது பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள். வேலை குறித்த தேதியில் தொடங்கும்.

திரும்பி நடக்கும்போது வெங்கட் சொன்னான்: "பாம்பு தின்னுருக்கும்கா. இயற்கைதானே, நம்ம கையில என்ன இருக்கு?"

ரஞ்சிதம் ஆமென்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை அவளால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை. குஞ்சுகளை மறந்து கொன்றாள், சரி. இதைத் தெரிந்தே செய்தாள்.

இரண்டு வாரம் தூக்கம் இல்லை. குழுவின் அறிக்கையில் சேர்க்கவும் கண்காட்சிக்குப் பெரிதாக அச்சடிக்கவும் அசல் படம் வேண்டும் என்று வெங்கட் கேட்டபோது, நறுக்காத முழுப்படத்தை அப்படியே அனுப்பினாள். வாயால் சொல்ல வராததைப் படம் சொல்லட்டும் என்று நினைத்தாள். பத்து நிமிடத்தில் அவன் கூப்பிட்டான்.

"அக்கா, இடது ஓரத்துல வெள்ளையா ஏதோ இருக்கே, சிலந்தி நூலா?"

"இல்ல தம்பி. பூக்கட்டுற நூல்."

அவன் கேட்பதற்கு முன்பே அவள் தொடர்ந்தாள்.

"நான்தான் கிளையை இழுத்துக் கட்டினேன். அவிழ்க்க மறந்துட்டேன். மத்தியானமே ஞாபகம் வந்துச்சு. உங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தா போதும். வெட்கப்பட்டுக்கிட்டுப் போடல. வெயில்ல செத்துப்போச்சுங்க, ரெண்டும். பாம்பு இல்ல."

வெங்கட் பேசினான். குரலில் கோபம்கூட இல்லை.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா."

"ஏன்? கோவிந்தராசு அண்ணனைத் தூக்கினீங்கல்ல? என்னையும் தூக்குங்க."

"தூக்கினா இந்தப் படத்தையும் தூக்கணும். காடு போகப்போகுது. அங்க அந்தப் பறவை இருந்துச்சு, குஞ்சு பொரிச்சுச்சுங்கிறதுக்கு நம்மகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். ஓரத்தை நான் கட் பண்ணிக்கிறேன்."

போனை வைத்துவிட்டான். அவன் அதற்குப் பிறகு அவளை எந்தப் பறவைக்கும் கூப்பிடவில்லை. குழுவிலிருந்து நீக்கவும் இல்லை. கோவிந்தராசுவின் எண்ணை ஒருநாள் தேடி எடுத்து அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அடுத்த மாதம் காட்டைச் சுற்றித் தகரத் தடுப்பு எழும்பியது. ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கம் போய்த் தடுப்புக்கு வெளியே நின்றாள். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. லென்ஸ் அன்றிலிருந்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

படம் மட்டும் அவளை விடவில்லை. குழு நடத்திய கண்காட்சி முடிந்ததும், பெரிதாகச் சட்டம் போட்ட அந்தப் படத்தை ஒரு வெள்ளிக்கிழமை யாரோ பூக்கடைக்கே அனுப்பிவைத்தார்கள். அழகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்லாவுக்குப் பின்சுவரில் முருகன் படத்துக்கும், காலமான தன் அப்பாவின் படத்துக்கும் நடுவில் ஆணியடித்து மாட்டினார். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "நம்ம ரஞ்சி எடுத்தது லா" என்று காட்டினார்.

மாலை விளக்கேற்றும் நேரம். வழக்கம்போல இரண்டு முழம் மல்லிகை கட்டிக் கொடுத்தாள். முருகனுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று.

"இன்னும் ஒரு முழம் கொடும்மா" என்றார் அழகப்பன்.

யாருக்கு என்று கேட்காமல் கட்டிக் கொடுத்தாள். அவர் ஸ்டூலில் ஏறி அதை அந்தப் பறவைப் படத்துக்குப் போட்டார். போட்டுவிட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "நடுவுல இது ஒண்ணு மட்டும் மொட்டையா இருந்துச்சு. இப்ப நல்லா இருக்குல்ல?"

ரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பக்கம் முருகன். மறுபக்கம் செத்துப்போன பெரியவர். நடுவே அவள் கையால் கட்டிய மாலைக்குள், வாயைப் பிளந்தபடி இரண்டு குஞ்சுகள். தெருவில் போகும் எந்தத் தமிழனைக் கூப்பிட்டுக் காட்டினாலும், இவர்கள் எப்போது தவறினார்கள் என்றுதான் கேட்பான்.

"நல்லா இருக்கு அண்ணே" என்றாள்.

மறுநாள் மாலை அவர் கேட்பதற்கு முன்பே மூன்று முழம் கட்டி வைத்திருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. இப்போதெல்லாம் அந்த நடு மாலையை அவளே ஸ்டூலில் ஏறிப் போடுகிறாள்.